ஆர்ச்சிபால்ட் கில்மோரின் பிள்ளைகள்

திறந்தால் என்ன, கடிக்கவா போகிறது என்று திலகவதி தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். சொன்னாளே ஒழியத் திறக்கவில்லை. கைப்பேசியை மடியில் கவிழ்த்துப் போட்டு, அது எழுந்து ஓடிவிடும் போல மேலே கையையும் வைத்து அழுத்திக்கொண்டு, கண் ஆஸ்பத்திரி ஹாலில் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். உள்ளே டெரிக்குக்கு வலது கண்ணில் புரை எடுக்கிறார்கள். அதைப் பற்றி அவளுக்கு ஒரு பயமும் இல்லை, திருச்சியில் இன்றைக்குப் புரை எடுக்காத கிழவன் யார், காலையில் எடுத்துவிட்டு மத்தியானம் வீட்டில் ரசம் சாதம் சாப்பிடுகிறார்கள். பயமெல்லாம் இந்தக் கைப்பேசிக்குள் இருந்தது. ஸ்காட்லாந்து ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த மின்னஞ்சல். ஆட்டோவில் ஏறும்போதே டிங் என்றது. டெரிக் "யாரு?" என்றார். "எவனோ லோன் வேணுமான்னு கேக்கறான்" என்று வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னாள். பின்னே, கண்ணில் கத்தி வைக்கப்போகிற மனுஷனிடம், உங்க எள்ளுத் தாத்தா செத்த பதிவு வந்திருக்கு, அதுல உங்க கொள்ளுத் தாத்தா பேர் இருந்தா நீங்க கில்மோர், இல்லேன்னா நீங்க யாருமே இல்லை என்றா சொல்ல முடியும். சிஸ்டர் ஒருத்தி வரிசையாக வந்து எல்லாக் கிழங்களையும் "மேல பாருங்க, மேல பாருங்க" என்று தலையை நிமிர்த்திச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு போனாள். திலகவதியின் தாடையையும் பிடித்துவிட்டாள். "எனக்கில்லம்மா, நான் துணைக்கு வந்தவ" என்று விலக்கினாள். துணைக்கு வந்தவள். நாற்பது வருஷத்துக்கு மேலாக அதுதானே உத்தியோகம்.

நீங்க யாருமே இல்லை. இப்படி நேருக்கு நேராக யாரும் டெரிக்கிடம் சொன்னதில்லை, சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள், அதுதான் கொடுமை. பொன்மலை ரயில்வே காலனியில் கில்மோர் என்று இரண்டு வீடு. பெரிய வீடு ரொனால்டுடையது. அவர்களுக்கு ஒரு கேப்டன் தாத்தா, சுவரில் மீசையோடு அவர் படம், கிறிஸ்துமஸுக்கு அந்தப் படத்துக்கும் ஒரு தோரணம். சின்ன வீடு டெரிக்குடையது. படம் கிடையாது, தோரணம் கிடையாது, ஹியூ என்ற ஒரு பேர் மட்டும் உண்டு. அந்த ஹியூ கேப்டனிடம் எடுபிடியாக இருந்தவன், பட்டாளத்தில் சேரும்போது தகப்பன் பேர் சொல்லத் தெரியாமல் எஜமான் பேரையே எடுத்து வைத்துக்கொண்டான் என்று பெரிய வீட்டில் ஒரு கதை. கதைக்குச் சாட்சியாகத் திருச்சி சர்ச்சில் ஹியூவின் கல்யாணப் பதிவு, அதில் தகப்பன் பேர் எழுத வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடக்கிறது. அவ்வளவுதான், ஒரு பாதிரியார் சோம்பேறித்தனமாக விட்ட ஓர் இடம், அதில் தலைமுறை தலைமுறையாக இவர்கள் எச்சில் துப்பிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ரொனால்ட் எழுந்து நின்று "சார், இவன் அசல் கில்மோர் இல்ல சார்" என்றானாம், வகுப்பே சிரித்ததாம், டெரிக்கும் கூடச் சேர்ந்து சிரித்தாராம். அந்தச் சிரிப்பைத்தான் திலகவதியால் மன்னிக்க முடியவில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் வாசலில் பார்த்தாள், பெயர்ப் பலகையில் டெரிக் என்று மட்டும் இருந்தது. இப்போது ரொனால்டுக்கு எழுபது தாண்டி, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு, பொன்மலை கில்மோர்களின் வம்சப் புத்தகம் அச்சடிக்கிறார். டிசம்பரில் எல்லாரும் கூடப்போகிறார்களாம், அப்போது வெளியீடு. அதில் டெரிக் குடும்பத்துக்குக் கடைசியில் ஒரு பக்கம், மேலே தலைப்பு 'பெயரை எடுத்துக்கொண்டவர்கள்'. "நான் என்ன பண்றது திலகா, ஆதாரம் இருந்தா குடு, போட்டுடறேன், இன்னிக்குள்ள குடு, பிரஸ்காரன் கழுத்துல உக்காந்திருக்கான்" என்று நேற்று போனில். கேட்டுக்கொண்டிருந்த டெரிக் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "விடு, எழுதிட்டுப் போறான். என் கல்லறைக் கல்லுல டெரிக்னு மட்டும் போடு, போதும்" என்றார். சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டார். அப்படிச் சாதாரணமாக ஒரு மனுஷன் சொல்வதற்கு உள்ளே எவ்வளவு வெந்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு நூல்தான் கையில் இருந்தது. டெரிக்கின் அப்பா, நல்ல மனுஷர், இரண்டு கிளாஸ் உள்ளே போனால் இன்னும் நல்ல மனுஷர், அப்போது மேஜையைத் தட்டிச் சொல்வாராம், எங்க தாத்தாவோட அப்பன் கடலுக்குக் காவல்காரன்டா என்று. கடலுக்கு எவன்டா காவல் போடுவான், கடலை எவன் தூக்கிக்கொண்டு போகப் போகிறான் என்று ஊரே சிரிக்குமாம். திலகவதி சிரிக்கவில்லை. சிரிக்க முடியாது, அவள் அப்பா உப்புக்குக் காவல் இருந்தவர். உப்பு இலாகா இன்ஸ்பெக்டர் வைத்தியநாதன். உப்பையும் எவன் தூக்கிக்கொண்டு போகப் போகிறான் என்று கேட்கலாம், போனார்கள், மாட்டு வண்டியோடு போனார்கள். அப்பா மரக்காணத்தில் இருந்தபோது அண்ணன் பிறந்தான், வேதாரண்யத்தில் இருந்தபோது இவள், அதிராம்பட்டினத்தில் தம்பி. சொந்த ஊர் குத்தாலம். குத்தாலத்துப் பஞ்சாயத்தில் போய்ப் பிறப்புப் பதிவைப் புரட்டினால் இவர்கள் மூன்று பேரும் பிறக்கவே இல்லை. சொந்த ஊர்ப் பக்கம் வேலையே போடமாட்டார்கள். உள்ளூர்க்காரனைக் காவல் வைத்தால் மாமனும் மச்சானும் சேர்ந்து மூட்டையை ஏற்றிவிட்டு இவனுக்கும் ஒரு மூட்டை வீட்டில் இறக்குவார்கள், அதனால்தான். போன ஊரிலோ ஒருத்தர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இவள் போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். இன்ஸ்பெக்டர் பொண்ணு வருதுடி. அந்த அமைதியை இன்றைக்கு நினைத்தாலும் காது அடைக்கிறது. வேதாரண்யத்தில் காற்றடித்தால் தலைமுடியெல்லாம் உப்பு, அம்மா சீவிச் சீவி அலுத்துப்போய், இந்தப் பேய்க் காற்றில் எதுக்குடி ரெட்டைப் பின்னல் என்று தலையில் ஒரு கொட்டு வைப்பாள், அந்தக் கொட்டு, அம்மாவின் அந்த மோதிரம்… எங்கே போகிறேன். உப்பு. காவல். ஆமாம், காவல்.

ஹியூவின் பட்டாளத்துக் காகிதத்தில் பிறந்த இடம் அயர்லாந்து, மேயோ என்றிருந்தது. ரொனால்ட் காசு கொடுத்து வைத்த ஆள் ஸ்காட்லாந்து முழுக்கத் தேடிவிட்டு, கில்மோர் ஸ்காட்லாந்துப் பேர், மேயோ கரையில் அந்தப் பேரில் குடும்பமே கிடையாது, ஆகவே ஹியூ சொன்னது பொய், பேர் இரவல் என்று முடித்துவிட்டான். முட்டாளே, குடும்பம் இல்லை என்பதுதானடா அத்தாட்சி. வெளியூர்க்காரனாக இருந்தால்தானே காவலுக்குப் போடுவான். படித்த அன்றைக்கே திலகவதிக்கு விளங்கிவிட்டது. வெள்ளைக்காரன் அங்கேயும் அதே புத்தியைத்தான் காட்டியிருப்பான், ஸ்காட்லாந்துக்காரனை அயர்லாந்துக் கரையில் நிறுத்தியிருப்பான், நாலு வருஷத்தில் தூக்கி இன்னொரு கரையில் போட்டிருப்பான், கரைக்கு ஒரு பிள்ளை பிறந்திருக்கும். கடற்காவல் படையின் பழைய பட்டியல்களைத் தேடினாள். பிராந்தியும் புகையிலையும் கள்ளத்தனமாக இறங்காமல் பார்த்துக்கொள்ளத் துடுப்புப் படகும் தூரக்கண்ணாடியுமாக நின்றவர்கள். மேயோ கரையில், சரியாக ஹியூ பிறந்த சமயத்தில், ஆர்ச்சிபால்ட் கில்மோர், படகுக்காரர், சொந்த ஊர் ஸ்காட்லாந்தில் சால்ட்கோட்ஸ். உப்புக் காய்ச்சின ஊராம். நல்லா இருக்கு போ என்று அன்றைக்குத் தனியாகச் சிரித்தாள். ஆனால் அதோடு சுவர். அந்தக் கரையின் ஞானஸ்நானப் பதிவெல்லாம் டப்ளினில் கொண்டுபோய் வைத்து, சண்டையில் கட்டடமே எரிந்து, சாம்பல். அப்பன் இருக்கிறான், பிள்ளை இருக்கிறான், இரண்டுக்கும் நடுவே சாம்பல். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் ஆபரேட்டராக உட்கார்ந்து வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்ட காலத்தில் பி.பி. கால் என்று ஒன்று உண்டு, குறிப்பிட்ட ஆள் வந்து ரிசீவரை எடுத்தால்தான் கால் சேர்ந்ததாகக் கணக்கு. மெட்ராஸ், மெட்ராஸ், லைன் குடுங்க, பார்ட்டி வந்தாச்சா, இல்லைம்மா வெளியே போயிருக்கார். எத்தனை பேருக்கு எத்தனை தடவை கேட்டிருப்பாள். இப்போதும் அதேதான், ஆர்ச்சிபால்டுக்கு ஒரு பி.பி. கால் போட்டுவிட்டு இரண்டு வருஷமாக லைனில் காத்திருக்கிறாள். கடைசியில் சாவுப் பதிவு ஒன்று இருப்பது தெரிந்தது. கிழவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பி 1855-இல் செத்திருக்கிறார். ஸ்காட்லாந்தில் சாவைச் சர்க்காரே எழுத ஆரம்பித்த முதல் வருஷம் அது, அந்த ஒரே வருஷம்தான் செத்தவரின் பிள்ளைகள் பேரையெல்லாம் வரிசையாக எழுதினார்களாம், அடுத்த வருஷமே எவன் எழுதிக்கொண்டிருப்பான் என்று விட்டுவிட்டார்களாம். மகராசன், செத்தாலும் வருஷம் பார்த்துச் செத்திருக்கிறார். நகல் கேட்டு எழுதினாள். வந்துவிட்டது. மடியில் இருக்கிறது.

இல்லாவிட்டால்? ஜான், வில்லியம், ராபர்ட் என்று யார் யாரோ இருந்து ஹியூ மட்டும் இல்லாவிட்டால்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவள் நான் ஆவேன். இரண்டு வருஷம் முன்னால் டெரிக் இதை மறந்துதானே இருந்தார், புண் ஆறித்தானே இருந்தது, நான்தானே கடற்காவல் கடற்காவல் என்று கிளறிவிட்டேன், ஒரு நாள் காப்பியை ஆற்றிக்கொண்டே, "அப்ப எங்கப்பா போதையில உளறலையா திலகா?" என்று கேட்டாரே, அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன். மேலே டிவியில் சத்தமில்லாமல் எவளோ கொழுக்கட்டை செய்துகொண்டிருந்தாள். டோக்கன் கூப்பிட்டார்கள். பச்சைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் தன் டோக்கனா என்று மூன்றாவது தடவையாக எழுந்து நின்றார். பக்கத்து நாற்காலிக்காரி கூடையிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டினாள். "எடுத்துக்குங்கக்கா. யாருக்கு, வீட்டுக்காரருக்கா? எங்க மாமியாருக்கு. லால்குடிலேர்ந்து வர்றோம். உங்களுக்கு எந்த ஊருக்கா?" வேண்டாம்மா என்று முறுக்குக்குத் தலையாட்டினாள், ஊருக்கு என்ன பதில் சொல்வது. எந்த ஊர். ஆறாம் வகுப்பில் அதிராம்பட்டினத்தில் டீச்சர் கேட்டபோதும் இப்படித்தான் நின்றாள். பிறந்தது வேதாரண்யம் டீச்சர், வளர்ந்தது தூத்துக்குடி, குத்தாலம்னு சொல்லுவாங்க. சொல்லுவாங்களா, உனக்கே தெரியாதா என்றாள் டீச்சர். ஹியூவிடமும் பட்டாளத்தில் கேட்டிருப்பான் எவனாவது, எந்த ஊர்டா நீ என்று. மேயோ, டோனகல், கார்க், அயர்லாந்தில் எந்தக் கரையைச் சொல்வான். எங்கும் சொந்தமில்லாத பயல், மீன்காரர்களின் பிள்ளைகள் கூட விளையாடச் சேர்க்காத பயல், கரையில் நின்று அப்பாவின் படகைப் பார்த்திருப்பான். ஐயோ பாவமே என்று இருந்தது. அந்தப் பாவத்தில்தான் கை தானாகத் திரும்பியது, கைப்பேசி நிமிர்ந்தது, விரல் பட்டுவிட்டது. "பொன்மலைம்மா" என்று பக்கத்தில் பார்க்காமலே பதில் சொன்னாள்.

கையெழுத்தா அது, கோழி கிளறியது. விரலால் பெரிசாக்கி, நகர்த்தி, மறுபடி பெரிசாக்கி. ஆர்ச்சிபால்ட் கில்மோர், கடற்காவல் பென்ஷன்காரர், அது சரி. சாவுக்குக் காரணம் நெஞ்சில் சளி, அது போகட்டும். தகப்பன் ஜான், நெசவாளி. ஐயா நெசவாளி மகனா நீங்கள். பிள்ளைகள், இதோ பிள்ளைகள். ஜான். ஜேன். ஆலன், அதன் பக்கத்தில் இறந்தது என்று எழுதி ஒரு வயதும், ஐயோ ஒன்றரை வயது. அதற்குக் கீழே. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஹியூ. வயது பதினேழு. ஹியூ, ஹியூ, ஹியூ என்று வாய் முணுமுணுத்தது, லால்குடிக்காரி திரும்பிப் பார்த்தாள், விக்கலா அக்கா, தண்ணி தரவா என்றாள். பதினேழு, பிறகு இரண்டு வருஷம் கழித்துப் பட்டாளத்தில் சேரும்போது பத்தொன்பது, சரியாக வருகிறது, வருகிறதல்லவா. வருகிறது. மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தாள். குடித்து முடிப்பதற்குள், பாழாய்ப்போன மனசு, வேலையைக் காட்டிவிட்டது. ஹியூ என்ன ஒருத்தனா. நம் ஊரில் முருகேசன் போல அங்கே ஹியூ. இந்த ஹியூ அமெரிக்காவுக்குப் போயிருக்கலாம், கடலில் போயிருக்கலாம், சால்ட்கோட்ஸிலேயே தறி போட்டுக் கிழவனாகிச் செத்திருக்கலாம். திருச்சிக்கு வந்த ஹியூ வேறொரு ஹியூவாக இருக்கலாம். ரொனால்ட் அதைத்தான் கேட்பார், முதல் கேள்வியே அதுதான், பேர் ஒத்துப்போச்சுன்னா ஆள் ஒத்துப்போச்சா திலகா என்று அந்த இழுவைக் குரலில். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. மேலே ஏறிப் பார்த்தாகிவிட்டது, மேலே சாம்பல். எண்ணெயில்லாத செக்கைச் சுற்றுகிற மாடு மாதிரி அந்த ஒரு வரியையே சுற்றினாள், ஹியூ, பதினேழு, ஹியூ, பதினேழு.

லால்குடிக்காரி விடுகிற ஜாதியில்லை. மாமியாருக்குக் கண் தெரியாதபோதே நாட்டாமை இந்தப் பாடு, தெரிந்துவிட்டால் என் கதி என்ன என்று ஆரம்பித்து, மகன் வீட்டுச் சண்டைக்கு வந்துவிட்டாள். "பேரனுக்கு என் வீட்டுக்காரர் பேர்தான்னு முதல்லயே முடிவாயிடுச்சுக்கா, அது எங்க வழக்கம், மூத்தவனுக்குத் தாத்தா பேர். இப்ப பொண்ணு பொறந்திருக்கு. சம்பந்தியம்மா தன் பேரை வைக்கணும்ங்குது. வைக்கட்டும், முதல் பொண்ணு அவங்களுக்கு. அடுத்தது பொண்ணாப் பொறந்தா என் பேர், சொல்லிட்டேன், அப்ப வாயைத் தொறக்கக்கூடாது." ஆமாம்மா, ஆமாம், நியாயம்தான் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள் திலகவதி, அவள் வீட்டிலும் அதேதான், அண்ணனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பேர், தம்பிக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பேர், யாரும் சொல்லித் தருவதில்லை, சோறு போல அது பாட்டுக்கு நடக்கும். தலை ஆடுவது பாதியில் நின்றது. ஸ்காட்லாந்திலும் அதே வழக்கம் என்று எங்கேயோ படித்திருந்தாள், படித்தபோது அட நம்மைப் போலவே என்று நினைத்துவிட்டு மறந்தும் போனாள். மேலே ஏன் பார்க்கிறேன். கீழே பார்க்க வேண்டாமா. ஹியூ இங்கே திருச்சியில் தன் பிள்ளைகளுக்கு என்ன பேர் வைத்தான்? அது மனப்பாடம், சர்ச் பதிவிலிருந்து அவளே எழுதி எடுத்தது. மூத்த மகன் ஆர்ச்சிபால்ட். சரி, ஆனால் அது போதாது, ஆர்ச்சிபால்டும் ஊருக்கு நூறு. இரண்டாவது மகன் டானியல், பெண்டாட்டியின் அப்பா பேர். முதல் பெண் மேரி, பெண்டாட்டியின் அம்மா பேர். ஒன்றுகூடப் பிசகவில்லை, வழக்கத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கிறான். அப்படியானால் இரண்டாவது பெண்ணுக்கு ஹியூவைப் பெற்றவள் பேர். இரண்டாவது பெண் கிரிசல். கிரிசல்! அந்த வீட்டில் தலைமுறைக்கு ஒருத்தி கிரிசல், டெரிக்கின் அத்தை வரைக்கும், எங்கிருந்து பிடித்தார்களோ இந்தப் பேரை, கிரிசல் கிறுக்கல் என்று காலனிப் பிள்ளைகள் ஓட்டுகிற பேர், வேறெங்கும் அவள் கேட்டறியாத பேர். அப்பன், அப்பன் என்று அப்பனையே தேடினோமே, ஊர் உலகமெல்லாம் அப்பன் பேரைத்தான் கேட்டது, நானும் கேட்டேன், பெற்றவள் பேரை யாராவது கேட்டோமா. பதிவுக்கே திரும்பினாள். பதிவில் பிள்ளைகளுக்கு மேலே ஒரு வரி, அவசரத்தில் தாண்டி வந்த வரி. மணந்தது… கோழிக் கிளறல், பெரிசாக்கு, நகர்த்து. கிரிசல் ஆலன்.

சத்தம் வந்துவிட்டது. என்ன சத்தம் என்று பிறகு அவளுக்கே ஞாபகமில்லை, குலவையா, கூச்சலா, டோக்கன் கூப்பிட்ட பெண் பாதியில் நிறுத்தினாள், பச்சைத் தொப்பிக்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நாலாவது தடவையாக எழுந்துவிட்டார். லால்குடிக்காரி பயந்துபோய் இவள் கையைப் பிடித்தாள். "என்னாச்சுக்கா? வீட்டுக்காரருக்கு ஏதாவது…" "எங்க வீட்டுக்காரருக்கு எள்ளுப் பாட்டி கிடைச்சுட்டாம்மா" என்றாள் திலகவதி. அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, நல்ல சேதி என்பது மட்டும் புரிந்துவிட்டது, அப்ப இனிப்பா சாப்பிடுங்கக்கா என்று கூடைக்குள்ளிருந்து அதிரசத்தை எடுத்துக் கையில் திணித்தாள். திலகவதி சாப்பிட்டாள். சர்க்கரை வியாதிக்காரி, முழு அதிரசத்தையும் சாப்பிட்டாள். இத்தனை கடலைத் தாண்டி, பட்டாளத்துச் சட்டையோடு இந்த வெயிலில் வந்து இறங்கி, கேட்க நாதியில்லாமல் இருந்த பயல், தன் பெண் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மா பேரை வைத்திருக்கிறான். தகப்பன் பேர் சொல்லத் தெரியாதவனா அவன்? அடப்பாவிகளா, அவன் ஒருத்தரையும் மறக்கவில்லையே, அப்பனை, ஆத்தாளை, மாமனாரை, மாமியாரை, எல்லாரையும் வரிசைப்படி கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறானே. நீங்கள்தானே ஒரு வெள்ளை இடத்தை வைத்துக்கொண்டு கும்மாளம் போட்டீர்கள். கர்வம் என்றால் அப்படி ஒரு கர்வம் வந்தது அவளுக்கு, தானே பெற்ற பிள்ளை மாநிலத்தில் முதலாவதாக வந்தது போல.

அந்த நேரம் பார்த்து ரொனால்ட். கைப்பேசி துடித்தது, பெர்த். வா ராசா, உனக்குத்தான் இலை போட்டிருக்கிறேன். "என்னா திலகா, ஏதாச்சும் கெடைச்சுதா? இல்லேன்னா அந்தப் பக்கத்தை அப்டியே பிரஸ்ஸுக்குக் குடுத்துடப் போறேன் பாத்துக்கோ." நாற்பது வருஷம் பெர்த்தில் இருந்தும் பொன்மலை ஒர்க்‌ஷாப் தமிழ் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. "குடுக்காதீங்கண்ணா. பேனா இருக்கா? எழுதிக்குங்க" என்றாள். பழைய குரல் தானாக வந்தது, ட்ரங்க் போர்டில் உட்கார்ந்து இந்தியா முழுக்கக் கேட்கும்படி பேசின குரல், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக. ஆர்ச்சிபால்ட் கில்மோர், கடற்காவல்காரர், சால்ட்கோட்ஸ். மனைவி கிரிசல் ஆலன். மகன் ஹியூ. ரொனால்ட் எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தார், "ஹியூ ஆயிரம் பேரு இருப்பான், அதே ஹியூதான்னு…" முடிக்க விடவில்லை. ஹியூவின் பிள்ளைகளை அவன் பேர் வைத்த வரிசையிலேயே ஒப்பித்தாள், எந்தப் பேர் யாருடையது என்று சொல்லிச் சொல்லி ஒப்பித்தாள், கிரிசலில் வந்து நிறுத்தினாள். "உங்க கூடப் படிச்சவங்களே கிரிசல் அத்தையைக் கிண்டல் பண்ணியிருக்காங்கண்ணா, நீங்களும் பண்ணியிருக்கீங்க. அது ஸ்காட்லாந்துல அவங்க கொள்ளுப் பாட்டி பேரு." குரலை இன்னும் ஏற்றினாள். "அண்ணா, லைன்ல இருக்கீங்களா?" இருக்கேன், இருக்கேன் என்றார். "டெரிக்கை முன்னாடி போட்டுடறேன். போட்டோ அனுப்பு, நல்ல போட்டோவா." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, பெண்டாட்டிக்குக் கேட்கக்கூடாது போலிருக்கிறது, "அது வந்து திலகா, எங்க கேப்டன் தாத்தா எந்த ஊருன்னு இன்னும் சரியா புடிபடல. ஆளு வெச்சுப் பாத்தேன், கெடைக்கல. நீ கொஞ்சம் பாக்கறியா?" ஆகா. இதைக் கேட்கத்தானே இந்தக் காது இத்தனை வருஷம் அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டிருந்தது. "உங்க கால் புக் ஆயிருக்குண்ணா, லைன் கிடைச்சதும் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்தாள்.

கதவு திறந்து டெரிக்கைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண்ணுக்கு மேலே ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் மூடி, தலையில் பச்சைத் தொப்பி கோணலாக, இடது கண்ணால் கூட்டத்தில் இவளைத் தேடிக்கொண்டு. வீட்டுக்குப் போய் ஆற அமர, ரசம் சாதம் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எண்ணியிருந்தாள். எண்ணி என்ன. நாற்காலியை வழியிலேயே மறித்துவிட்டாள். "டெரிக், உங்கப்பா உளறலை. உங்க எள்ளுத் தாத்தா கடலுக்குக் காவல் இருந்தவர்தான். பேர் ஆர்ச்சிபால்ட் கில்மோர். ஹியூ அவர் பெத்த பிள்ளை. பேர் இரவல் இல்ல, சொந்தப் பேர். ரொனால்ட் ஒத்துக்கிட்டார்." டெரிக்கின் ஒற்றைக் கண் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "ஹியூவோட அம்மா?" என்று கேட்டார் மெதுவாக. நாற்பது வருஷம் இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள், அவர் முதலில் கேட்டது அதை. "கிரிசல்" என்றாள். "நம்ம அத்தை பேரா?" "அத்தைக்குத்தான் அவங்க பேரு." அவர் உதடு கோணியது, உள்ளேயிருந்து ஐந்தாம் வகுப்பிலிருந்து கிளம்பி வருவது போல ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது, வந்தேவிட்டது, மூடிக்குக் கீழே ஈரம். சிஸ்டர் பறந்து வந்தாள். "சார், சார், அழக்கூடாது, இப்பத்தானே ஆபரேஷன் ஆயிருக்கு, கண்ணுல தண்ணி வரவே கூடாது! என்னம்மா நீங்க, இங்க வெச்சா இதெல்லாம் சொல்லுவீங்க?" "அழல சிஸ்டர், நான் எங்க அழறேன்" என்று சொல்லிக்கொண்டே டெரிக் அண்ணாந்து கூரையைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டித் திலகவதியின் மணிக்கட்டைப் பிடித்தார். "திலகா, எனக்கு அனுமதி இல்லையாம். என் பங்கையும் சேர்த்து நீ அழுதுடு" என்றார். அதற்கென்ன, அழுதால் போயிற்று. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஹாலில் அத்தனை பேர் பார்க்க, கொஞ்சமும் வெட்கமில்லாமல், வாய்விட்டு, நிறைய, அவர் பங்கையும் ஹியூவின் பங்கையும் சேர்த்து அவள் அழுதாள்.